இரண்டாவது கேமராவாக ஒரு பழைய காம்பேக்ட்: தேர்விலிருந்து முதல் வாரம் வரை

பழைய காம்பேக்ட் (லென்ஸைக் கழற்ற முடியாத, கையடக்கமான) டிஜிட்டல் கேமரா வாங்கிவிட்டு நொந்துகொள்பவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். கேமரா பெரும்பாலும் நன்றாகத்தான் வேலை செய்யும். அதற்குப் பேட்டரி கிடைக்காது, கார்டு கிடைக்காது, இல்லையென்றால் கையில் ஏற்கெனவே இருக்கும் கேமரா செய்யும் வேலையையே இதுவும் செய்துகொண்டிருக்கும். மாடலை முதலில் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் அப்புறம் பார்ப்பதால் வரும் வினை இது. இங்கே வரிசை வேறு: முதலில் வேலை, அடுத்து பேட்டரியும் கார்டும், பிறகு சென்சாரும் (ஒளியைப் படமாக்கும் சில்லு) லென்ஸும், கடைசியில்தான் மாடல். ‘பழைய’ என்று நான் சொல்வது ஏறத்தாழ 2005 முதல் 2013 வரை வெளிவந்த கேமராக்களை.

1. முதல் கேமரா எங்கே உதவாமல் போகிறது?

இரண்டாவது கேமராவுக்கான தேவை முதல் கேமராவின் குறையிலிருந்து வர வேண்டும். பெரிய கேமரா வைத்திருப்பவருக்குக் குறை எடையும் அளவும். அவருக்குச் சட்டைப்பையில் போகும் ஒன்று வேண்டும். போனில் மட்டுமே எடுப்பவருக்குக் குறை வேறு: பல போன்களில் லென்ஸே நகர்ந்து காட்சியை நெருக்கும் ஆப்டிகல் ஜூம் இல்லை, நல்ல ஃபிளாஷ் இல்லை, அழைப்பும் செய்தியும் நடுவில் வந்து குறுக்கிடும்.

எடுக்காமல் விட்ட படங்கள் எவை என்று யோசித்து இரண்டு மூன்று வரி எழுதிப் பாருங்கள். ‘இரவு விருந்தில் முகங்கள்’, ‘மழையிலும் மணலிலும் குழந்தைகள்’, ‘நடந்துகொண்டே தெருப் படம்’ என்று குறிப்பாக இருக்கட்டும். மூன்றும் மூன்று வெவ்வேறு கேமராக்களில் போய் முடியும். விருந்துக்கு நல்ல ஃபிளாஷும் அதிக ஒளியை உள்ளே விடும் லென்ஸும் வேண்டும். மழைக்கும் மணலுக்கும் நீர் புகாத வகை வேண்டும். அதைப் பழையதாக வாங்கவே வேண்டாம் என்பேன். ரப்பர் சீல் வயதாகி இறுகிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. தெருவுக்கு ஆன் செய்ததும் தயாராகும், ஜூம் இல்லாத கேமரா போதும்.

இங்கே நடக்கும் வழக்கமான தவறு, எல்லாவற்றையும் செய்யும் கேமராவைத் தேடுவது. அப்படித் தேடினால் முதல் கேமராவுக்கே ஒரு நகல் வாங்குவீர்கள்.

ஒன்றை இப்போதே ஒப்புக்கொள்வது நல்லது. வெளிச்சம் குறைந்த இடத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அசையாத காட்சியை எடுத்தால் இன்றைய போன் பழைய காம்பேக்டைத் தோற்கடிக்கும். போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. பழைய கேமரா ஒரே படத்தோடு நிற்கும். உங்கள் பட்டியலில் இருப்பது அந்த வேலை மட்டும்தான் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், செலவு மிச்சம்.

2. பேட்டரி: மாடலைத் தீர்மானிக்கும் முதல் விஷயம்

பேட்டரி கிடைக்காத கேமரா அலமாரியில் உட்காரத்தான் உதவும். அதனால் ஒரு மாடல் கண்ணில் பட்டதும், படங்களைப் பார்ப்பதற்கு முன்பே, அதன் பேட்டரி எண்ணைத் தேடுங்கள். ஒரே வரிசையில் அடுத்தடுத்து வந்த மாடல்கள்கூட ஒரே பேட்டரியைப் பயன்படுத்தும் என்று நம்பக் கூடாது. கேனன் எஸ்90, எஸ்95 இரண்டுக்கும் என்பி-6எல். அடுத்து வந்த எஸ்100க்கு என்பி-5எல். இதற்கு நேர்மாறாக, 2006இல் வந்த சிறிய ஃபூஜி எஃப்30க்கும் பல ஆண்டுகள் கழித்து வந்த எக்ஸ்100க்கும் ஒரே என்பி-95தான். அளவும் விலையும் வேறான இரண்டு கேமராக்கள், ஒரே பேட்டரி. பல மாடல்கள் பகிர்ந்துகொள்ளும் பேட்டரி என்றால் இன்னும் யாராவது அதைத் தயாரித்துக்கொண்டிருப்பார்கள்.

லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதாகும். ‘பெட்டி பிரிக்காத அசல் கம்பெனி பேட்டரி’ என்று யாராவது கூடுதல் விலை கேட்டால், அது எந்த ஆண்டில் தயாரானது என்று கேளுங்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய அசலைவிட, அண்மையில் தயாரான மாற்று நிறுவனப் பேட்டரி மேல். மாற்றுப் பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் திறனை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். சில கேமராக்கள் மாற்றுப் பேட்டரியை ஏற்காமல் திரையில் எச்சரிக்கை காட்டிவிட்டு அணைந்துபோகும். உங்கள் மாடல் அந்த ரகமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

சாதாரண டபுள்-ஏ பேட்டரியில் ஓடும் காம்பேக்ட்களும் உண்டு. கேனனின் ஏ வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தடிமன் கூடும், ஆனால் பேட்டரி கவலை அடியோடு போய்விடும். சாதாரண அல்கலைன் பேட்டரியைப் போட்டால் சில படங்களிலேயே துவண்டுவிடும். ஜூம் மோட்டாரும் ஃபிளாஷும் இழுக்கும் கரண்ட்டுக்கு அது ஈடுகொடுக்காது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை வாங்குங்கள்.

சார்ஜரையும் விடக் கூடாது. இந்த வயதுக் கேமராக்கள் பெரும்பாலும் யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகாது. பேட்டரியைக் கழற்றித் தனிச் சார்ஜரில் வைக்க வேண்டும்.

3. கார்டு: இருபது ஆண்டு முந்தைய விதிகள்

கேமராவுக்குள் போகும் எல்லா எஸ்டி கார்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் எல்லாக் கேமராவும் படிக்காது. சாதாரண எஸ்டி 2 ஜிபி வரை. 2006இல் வந்த எஸ்டிஹெச்சி 4 முதல் 32 ஜிபி வரை. அதற்கு மேல் போனால் எஸ்டிஎக்ஸ்சி. புதிய கேமரா பழைய கார்டைப் படிக்கும். பழைய கேமரா புதிய கார்டைப் படிக்காது.

2006க்கு முன் வந்த கேமரா என்றால் 2 ஜிபிக்கு மேல் படிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2008, 2009 மாடல்களுக்கு 8 அல்லது 16 ஜிபி எஸ்டிஹெச்சி பாதுகாப்பானது. புதியவர்கள் செய்வது, வீட்டில் கிடக்கும் 64 ஜிபி கார்டைச் செருகி ‘கார்டு பிழை’ என்று வந்ததும் கேமராவைக் குறை சொல்வது. அளவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 10 மெகாபிக்ஸல் ஜேபெக் படங்கள் 2 ஜிபியிலேயே சில நூறு அடங்கும்.

வேறு வகைக் கார்டு கேட்கும் கேமராக்கள்தான் தலைவலி. ஒலிம்பஸும் ஃபூஜியும் கொண்டுவந்த எக்ஸ்டி கார்டு 2 ஜிபியோடு நின்றுபோனது, இப்போது தயாரிப்பே இல்லை. செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், ஆனால் கேமராவின் விலையில் பாதி கேட்பார்கள். சோனியின் காம்பேக்ட்கள் 2010க்கு முன் பெரும்பாலும் மெமரி ஸ்டிக் என்ற அதன் சொந்தக் கார்டை மட்டுமே ஏற்கும். அந்த ஆண்டிலிருந்து எஸ்டியும் சேர்ந்தது. இப்படிப்பட்ட கேமராவைக் கார்டோடு சேர்த்துத் தந்தால் மட்டும் யோசியுங்கள். கார்டு ரீடரும் அந்த வகையைப் படிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

4. சென்சாரும் லென்ஸும்: எந்த எண்ணைப் படிப்பது

மெகாபிக்ஸலை விட்டுவிடுங்கள். கேனனே இதற்குச் சாட்சி. 2008இல் வந்த ஜி10இல் 14.7 மெகாபிக்ஸல், அடுத்த ஆண்டு ஜி11இல் அதை 10 ஆகக் குறைத்தது. அதே அளவுச் சென்சாரில் அதிகப் பிக்ஸல்களை நெருக்கினால் இருட்டில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கூடியதுதான் காரணம்.

பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு. பெரும்பாலான காம்பேக்ட்களில் இருக்கும் 1/2.3 அங்குலச் சென்சாரின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மி.மீ. சற்று உயர்ந்த ரகத்தில் வரும் 1/1.7 அங்குலத்துக்கு 41. ஒரு அங்குலம் என்று பெயர் கொண்ட வகைக்கு 116. இந்தப் பெயர்கள் எதுவும் உண்மையான நீளம் கிடையாது. ‘ஒரு அங்குல’ சென்சார் 13.2 மி.மீ. அகலமும் 8.8 மி.மீ. உயரமும்தான். என் கணக்கில் 1/2.3 வகையை ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 200க்கு மேலும், 1/1.7 வகையை 800க்கு மேலும் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

லென்ஸில் எஃப் எண் இரண்டையும் படியுங்கள்: ஜூமின் தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று, எண் குறைந்தால் உள்ளே வரும் ஒளி கூடும். பலர் முதல் எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். கேனன் எஸ்90 லென்ஸ் எஃப்/2 என்று பெருமையாகத் தொடங்கும். ஜூமை முழுக்க இழுத்தால் எஃப்/4.9. உள்ளே வரும் ஒளி ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒலிம்பஸ் எக்ஸ்இசட்-1 எஃப்/1.8இல் தொடங்கி 112 மி.மீ. ஜூமிலும் எஃப்/2.5இல் நிற்கும். அறைக்குள் முகங்களை நெருக்கமாக எடுக்க நினைப்பவருக்கு இந்த இரண்டாவது எண்தான் படத்தைத் தீர்மானிக்கும்.

எஃப்/2 என்றதும் பின்னணி உருகி மங்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. 1/1.7 சென்சாரில் எஃப்/2 வைத்தால், முழு ஃபிரேம் (35 மி.மீ. பிலிம் அளவுச் சென்சார் கொண்ட) கேமராவில் ஏறத்தாழ எஃப்/9 வைத்தது போலத்தான் பின்னணி தெளிவாக நிற்கும். ஒளிக்கு எஃப்/2, மங்கலுக்கு எஃப்/9. தெருப் படத்துக்கும் குழுப் படத்துக்கும் இது வரம். ஃபோகஸ் எளிதில் தப்பாது.

சிசிடி என்ற பழைய வகைச் சென்சார் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு சொல்லுக்காகவே விலை ஏற்றுகிறார்கள். ‘சிசிடி நிறம்’ என்று கொண்டாடப்படுவதில் பெரும்பங்கு அந்தக் காலத்து ஜேபெக் சமையலும் ஃபிளாஷும்தான். சென்சாருக்கு முன்னால் இருக்கும் நிற வடிகட்டியும், உள்ளே ஓடும் மென்பொருளும் நிறத்தை முடிவு செய்கின்றன. சிசிடியா, இன்று பரவலாக இருக்கும் சிமாஸ் வகையா என்பது அதில் சின்ன விஷயம். மாதிரிப் படம் பிடித்திருந்தால் வாங்குங்கள், எழுத்துக்காக வாங்காதீர்கள்.

5. இப்போது மாடல்

மேலே சொன்ன வடிகட்டல்களைத் தாண்டி வந்தால் பட்டியல் தானாகச் சுருங்கியிருக்கும். திசைக்கு மட்டும் சில பெயர்கள்.

சட்டைப்பைக்கு எஸ்90, எஸ்95. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பியே ஐஎஸ்ஓ, ஜூம் எல்லாம் மாற்றலாம், ரா கோப்பும் (ஜேபெக்காகச் சுருக்காத, சென்சார் பதிந்த மூலத் தரவு) தரும். அகலக் காட்சிக்கு பானசோனிக் எல்எக்ஸ்3, எல்எக்ஸ்5. இரண்டும் 24 மி.மீ. பார்வையில் (முழு ஃபிரேம் கணக்கில், எண் குறைந்தால் காட்சி அகலும்) தொடங்கும். ஜூம் வேண்டாம் என்பவருக்கு ரிக்கோ ஜிஆர் டிஜிட்டல் 3. 28 மி.மீ. எஃப்/1.9. பேட்டரி தீர்ந்தால் இரண்டு டிரிபிள்-ஏ போட்டும் ஓட்டலாம், பழைய கேமராவில் இது பெரிய ஆறுதல். கொஞ்சம் கூடச் செலவு செய்ய முடிந்தால் 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100. ஒரு அங்குலச் சென்சாரோடு சட்டைப்பைக்குள் நுழையும். அதற்கும் இன்றைய கேமராக்களுக்கும் படத்தில் இருக்கும் இடைவெளி சிறியது. கையில் பிடிக்க வழுக்கும் என்பது மட்டும் என் புகார்.

விலை குறைவான கேனன் காம்பேக்ட் ஒன்று அமைந்தால், அதற்கு சிஹெச்டிகே என்ற இலவச மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டிலிருந்தே ஓடும், ரா வசதி இல்லாத கேமராவுக்கும் அதைத் தரும். கேமராவின் உள் மென்பொருளை அது மாற்றுவதில்லை.

6. போகும் முன்: விற்பவரிடம் கேட்பதும், பையில் வைப்பதும்

‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். படம் கேளுங்கள். லென்ஸ் வெளியே நீண்ட நிலையில் ஒன்று. பேட்டரி அறை திறந்த நிலையில் ஒன்று. அப்புறம் அந்தக் கேமராவால் அண்மையில் எடுத்த, எதுவும் திருத்தாத ஒரு படக்கோப்பு. பேட்டரி அறையைப் படமெடுக்கத் தயங்குபவரிடம் போகாமல் இருந்தால் ஒரு பயணம் மிச்சம்.

‘சார்ஜர் இல்லாததால் சோதிக்கவில்லை’ என்ற வரியைக் கண்டால், வேலை செய்யாத கேமரா என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். உண்மையிலேயே சோதிக்காதவர்களும் இருப்பார்கள். வேறுபடுத்திப் பார்க்கத்தான் நமக்கு வழியில்லை.

எத்தனை படம் எடுத்த கேமரா என்று கேட்பதில் பயனில்லை. காம்பேக்ட்கள் ஷட்டர் எண்ணிக்கையை வெளியே காட்டுவது அரிது. கோப்பின் எண் 9999ஐத் தொட்டதும் முதலிலிருந்து தொடங்கும், மெனுவில் யாரும் மாற்றியும் விடலாம்.

பையில் இவை இருக்கட்டும்: அந்த மாடலுக்குச் சரியான, முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரி, அது ஏற்கும் கார்டு, போனில் செருகும் கார்டு ரீடர், சிறு டார்ச், எழுத்து நெருக்கமாக அச்சான ஒரு தாள். பேட்டரியை நீங்களே கொண்டுபோவதற்குக் காரணம் உண்டு. சார்ஜ் குறைந்தால் லென்ஸ் பாதியில் நிற்கும், ஃபிளாஷ் எரியாது. நல்ல கேமராவைத் தவறாக ஒதுக்கவும் நேரிடும், ‘அது பேட்டரி வீக், அவ்வளவுதான்’ என்ற சமாதானத்தில் கெட்ட கேமராவை வாங்கவும் நேரிடும். உங்கள் பேட்டரி இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

7. ஆன் செய்யாமல் பார்க்க வேண்டியவை

ஆன் செய்ததும் கண் திரைக்குப் போய்விடும், உடலைப் பார்க்க மறந்துவிடுவோம். அதனால் அணைந்த நிலையிலேயே முதல் ஐந்து நிமிடம்.

மூலைகளில் தொடங்குங்கள். சாதாரணக் கீறல் பரவாயில்லை. ஒரு மூலை நசுங்கியிருந்தால் கேமரா விழுந்திருக்கிறது. ஜூம் உருளைக்கு அருகிலான மூலை என்றால் கூடுதல் கவனம்.

பேட்டரி மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உலோகத் தொடுமுனையில் பச்சையோ வெள்ளையோ பொடி படிந்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. மேலே துடைத்தாலும் உள்ளே போர்டு வரை போயிருக்கலாம். பேட்டரி எளிதில் வெளியே வராமல் இறுகினால் அது உப்பியிருக்கிறது, நெம்பி எடுக்காதீர்கள். மூடியின் சிறு பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருப்பது இந்த வயதில் மிகச் சாதாரணம். டேப் ஒட்டிப் பயன்படுத்தும் கேமராவை மூடியை மாற்றும் செலவு சேர்த்து மதிப்பிடுங்கள்.

திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். கடைசியாகக் கேமராவைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டுங்கள். லென்ஸ் லேசாகக் கடகடப்பது பல மாடல்களுக்கு இயல்பு. மணல் உருளும் ஒலி இயல்பல்ல.

8. ஆன் செய்து: லென்ஸ் முதலில், படம் பிறகு

பழைய காம்பேக்டில் முதலில் சாவது லென்ஸை நீட்டி மடக்கும் இயந்திரம். பற்சக்கரங்களில் ஒரு மணல் துகள் போதும். ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று ஐந்தாறு முறை செய்யுங்கள். வேகம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முறை தயங்கினாலும், அரைக்கும் ஒலி வந்தாலும், ‘லென்ஸ் பிழை’ என்று ஒரு கணம் வந்து மறைந்தாலும், பேரம் பேச வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்று ஒரு முறை நின்றது நாளை நிரந்தரமாக நிற்கும். பழுது பார்க்கும் செலவு கேமராவின் விலையைத் தாண்டும். லென்ஸ் முன்னால் இருக்கும் மெல்லிய தகடுகள் முழுதாகத் திறக்கின்றனவா என்பதையும் இப்போதே பார்க்கலாம்.

லென்ஸ் நீண்டிருக்கும்போது டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடியுங்கள். இரண்டொரு தூசி இருந்தால் விடுங்கள். சிலந்தி வலை போலக் கிளைத்த நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை, விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பட்டன்கள் ஒவ்வொன்றையும் அழுத்துங்கள், டயல் ஒவ்வொரு நிலையிலும் நிற்கிறதா பாருங்கள். தேதி கேட்டால் பதறாதீர்கள். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும், பல மாடல்களில் முதன்மைப் பேட்டரியைப் போட்டு வைத்தால் தானாக ஏறிக்கொள்ளும்.

9. சோதனைப் படங்கள், இந்த வரிசையில்

எல்லாப் படங்களையும் எடுத்துவிட்டுக் கார்டைக் கழற்றிப் போனில் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் பார்த்து முடிவெடுப்பதுதான் நேரில் போய் வாங்குபவர்களும் செய்யும் பெரிய தவறு. அந்தத் திரையில் எந்தப் படமும் கூர்மையாகத்தான் தெரியும்.

வெள்ளைச் சுவர். எஃப் எண்ணை எவ்வளவு பெரிதாக வைக்க முடியுமோ அவ்வளவு வைத்து, ஜூமை முழுதாக இழுத்து எடுங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் சென்சார் மேல் இருக்கும் தூசி. லென்ஸ் உள்ளே வெளியே போய்வரும்போது காற்றோடு தூசியையும் இழுக்கும். காம்பேக்டைத் திறக்காமல் அதை எடுக்க முடியாது. எஃப்/4இல் மறைந்துவிடும் ஒரு புள்ளி என்றால் சகித்துக்கொள்ளலாம்.

அச்சிட்ட தாள். சுவரில் ஒட்டி, கேமராவை அதற்கு நேராகப் பிடித்து, ஜூம் இல்லாமல், எஃப் எண்ணைக் குறைவாக வைத்து இரண்டு நொடி டைமரில் எடுங்கள். நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் நடுப்பகுதியைவிடச் சற்று மங்கலாக இருந்தால் அந்த லென்ஸின் குணம். ஒரு மூலை மட்டும் அல்லது ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். மங்கல் கேமராவோடு நகர்ந்து தாளின் எதிர்ப்பக்கத்துக்குப் போனால் சந்தேகமே இல்லை. நகராவிட்டால் நீங்கள் நேராகப் பிடிக்கவில்லை.

இருட்டுப் படம். லென்ஸை உள்ளங்கையால் மூடி, ஐஎஸ்ஓ 400, ஒரு நொடி. அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறப்புள்ளி இருக்கும், பரவாயில்லை. முழு நீளக் கோடு தெரிந்தால் வேண்டாம்.

வெயில். வெளியே வந்து பிரகாசமான காட்சியை எடுங்கள். படம் வெளுத்து, கோடு கோடாக வந்தால் ஷட்டர் சரியாக மூடவில்லை. அறைக்குள் மட்டும் சோதித்தால் இந்தக் குறை தப்பிவிடும். படம் ஊதா நிறத்தில் உருக்குலைந்தோ முழுக் கறுப்பாகவோ வந்தால் சென்சாரே போய்விட்டது. 2000களின் தொடக்கத்தில் தயாரான சில சிசிடி சென்சார்களில் வெப்பத்தாலும் ஈரத்தாலும் உள் இணைப்பு விட்டுப்போனது. பல நிறுவனங்களின் கேமராக்களில் அவை இருந்ததால் 2005இல் வரிசையாக இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தார்கள். அவ்வளவு பழைய கேமரா என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

ஆனால் சிசிடி கேமராவின் திரையில் சூரியனையோ விளக்கையோ காட்டும்போது மேலிருந்து கீழாக ஒளிக்கோடு ஓடினால் அது பழுதில்லை. அந்த வகைச் சென்சாரின் இயல்பு. எடுத்த படத்தில் அந்தக் கோடு வராது, வீடியோவில் வரும்.

ஃபிளாஷ் நான்கைந்து முறை. ஒவ்வொன்றும் எரிய வேண்டும், மறுபடி தயாராகும் நேரம் நீண்டுகொண்டே போகக் கூடாது. எரியவில்லை என்றால் வீட்டில் திறந்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஃபிளாஷ் கெபாசிட்டரில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும்.

ஜூமை முழுதாக இழுத்து தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்று, அருகில் மேக்ரோவில் உங்கள் விரல் ரேகை ஒன்று. இரண்டிலும் ஃபோகஸ் பிடித்தால் சரி. திரையில் காட்சி தானாகத் துடித்தால் நடுக்கம் தடுக்கும் பாகம் கெட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு நிமிட வீடியோ. சூடானதும் தலைகாட்டும் கோளாறுகள் இதில் வெளிவரும், மைக்கும் சோதித்ததாகும். கோடையில் வெயிலில் நின்று எடுத்தால் இன்னும் நல்லது.

சில மாடல்களுக்குத் தனிச் சோதனை உண்டு. 2011இல் வந்த ஃபூஜி எக்ஸ்10இன் தொடக்கக் கேமராக்களில் சிறு ஒளிப்புள்ளிகள் கெட்டி ஓரம் கொண்ட வெள்ளை வட்டுகளாகப் பதியும். பிற்பாடு சென்சாரை மாற்றினார்கள். இரவு விளக்குகளை ஒரு படம் எடுத்தால் எந்த வகை கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மாடல் பெயரோடு ‘பிழை’, ‘பழுது’ என்று சேர்த்துத் தேடினால் இப்படிப்பட்டவை முன்கூட்டியே கிடைக்கும்.

10. விலை

கேட்கும் விலையோடு இரண்டு பேட்டரி, சார்ஜர், கார்டு இவற்றைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை, எல்லாம் சேர்த்து விற்கும் இன்னொருவரின் விலையோடு ஒப்பிடுங்கள். தனிக் கேமரா மலிவாகத் தெரிந்து, கூட்டினால் கூடுதலாக முடிவது வழக்கம். பெட்டிக்கும் கையேட்டுக்கும் காசு கொடுக்க வேண்டாம். கையேடு பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்.

நேரில் பார்க்க முடியாமல் வாங்கினால், திருப்பித் தர எத்தனை நாள் என்று முதலில் கேட்டு, கேமரா வந்த அன்றே 7 முதல் 9 வரை முழுதும் செய்யுங்கள். வார இறுதிக்குத் தள்ளிப்போட்டு அந்தக் கெடுவைத் தவறவிடுபவர்கள் அதிகம்.

11. முதல் வாரம்

கார்டைக் கணினியில் செய்யாமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். அதற்கு வேண்டிய அடைவுகளை அதுவே போட்டுக்கொள்ளும். தேதியைச் சரிசெய்யுங்கள். இதை விட்டால் இரண்டு கேமராப் படங்களும் ஒன்றாகச் சேரும்போது உங்கள் தொகுப்பு பத்து ஆண்டு பின்னால் குதிக்கும்.

டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். தானியங்கி ஐஎஸ்ஓவுக்கு 4ஆம் பகுதியில் சொன்ன அளவில் உச்சவரம்பு வையுங்கள். கூர்மையை ஒரு படி குறையுங்கள், அந்தக் காலத்து இயல்பு அமைப்பு விளிம்புகளைக் கொஞ்சம் அதிகமாகவே கீறும். எஃப்/8ஐத் தவிருங்கள், சின்னச் சென்சாரில் அவ்வளவு சிறிய துளை வழியே ஒளி விரவிப் படம் மென்மையாகிவிடும். எஃப்/4 பக்கம் நில்லுங்கள்.

ஃபிளாஷைப் பகலிலும் போட்டுப் பாருங்கள். இந்தக் கேமராக்களின் ஷட்டர் பெரும்பாலும் லென்ஸுக்குள் இருப்பதால், பெரிய கேமராக்கள் 1/200 அல்லது 1/250 நொடியோடு நிற்கும் இடத்தைத் தாண்டி வேகமாகப் போனாலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். நடுப்பகல் வெயிலில், முகத்தில் நிழல் விழுந்தவரை அருகிலிருந்து எடுக்கும்போது வித்தியாசம் உடனே தெரியும்.

வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் வீட்டு விளக்கில் எல்லாம் மஞ்சளாகும். ரா எடுக்காவிட்டால், அறைக்குள் நுழைந்ததும் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டிக் கையால் அமைத்துவிடுங்கள்.

மணிக்கட்டு வார் கட்டாயம். சில வாரங்கள் தொடாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றித் தனியாக வையுங்கள். மாதம் ஒருமுறை அதைப் போட்டு ஆன் செய்து, ஜூமை இரண்டு முறை முழுக்க இழுத்து விட்டு, ஒரு படம் ஃபிளாஷோடு எடுத்துவிட்டு மறுபடி கழற்றி வைத்துவிடுங்கள்.